பத்திரத்தில் ஏறாத பேச்சு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும் கிரயப் பத்திர நகலும் வந்து சேர்ந்தன. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்து மகிழ்ந்தேன். ஆனால் தங்கச்சி செல்வியின் நில விவகாரம் படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

கல்யாணச் செலவுக்கு வட்டிக்கு வாங்கிய பணம். ஈடாக எழுதிக் கொடுத்ததோ சுத்தக் கிரயம், அதாவது நிலத்தை முழுதாக விற்றதாகப் பத்திரம். "பணத்தைக் கட்டியதும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்று கடன் கொடுத்தவர் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு. இப்போது அவர் "நான் விலைக்கு வாங்கிய நிலம்" என்கிறார். நான்கு பேர் முன்னால்தானே சொன்னார், அவர்களைச் சாட்சிக்கு அழைத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறாய்.

அந்த ஒரு பேச்சை மட்டும் நம்பிப் போனால் போதாது. ஒப்பந்தம் எழுத்தில் வந்துவிட்டால் அதை மாற்றவோ, அதில் கூட்டவோ குறைக்கவோ வாய்மொழிச் சாட்சியத்தை ஏற்கக் கூடாது என்பது சட்டம். 1872 சாட்சியச் சட்டத்தில் 91, 92ஆம் பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 94, 95. பழைய சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: கல்கத்தாவிலிருந்து லண்டன் போகும் கப்பல்களில் உள்ள சரக்குக்குக் காப்பீடு. ஒரு கப்பல் மூழ்குகிறது. "அந்தக் கப்பல் மட்டும் சேராது என்று வாயால் பேசிக்கொண்டோம்" என்று நிரூபிக்க முடியாது. இந்த விதி இல்லாவிட்டால் பதிவான எந்தப் பத்திரத்துக்கும் மதிப்பிருக்காது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடன் கொடுப்பவர்கள் இதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் அடமானத்தைக் கிரயமாக எழுதி வாங்குகிறார்கள். திருப்பித் தரும் ஷரத்து அதே பத்திரத்தில் இல்லாவிட்டால் அதை அடமானமாகக் கருத முடியாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 58ஆம் பிரிவும் சொல்வது அவர்களுக்கு இன்னும் வசதி.

ஆனாலும் ஒரு வழி இருக்கிறது. கங்காபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981இல் தெளிவாகச் சொன்னது: பத்திரத்தின் ஷரத்தை மாற்றச் சாட்சி சொல்வது வேறு, "இது கிரயமே இல்லை, பெயரளவுக்கு எழுதியது, நடைமுறைப்படுத்தும் எண்ணமே இரண்டு பேருக்கும் இல்லை" என்று சொல்வது வேறு. இரண்டாவதற்கு 92ஆம் பிரிவு தடையில்லை. அந்த வழக்கிலும் 2000 ரூபாய் கடனுக்காக வீட்டைக் கிரயம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மோசடி, மிரட்டல் என்றால் அதற்கும் சாட்சி சொல்லலாம், அது தனி. செல்விக்கு அப்படி எதுவும் நடக்காதபோது அதை மனுவில் சேர்க்க வேண்டாம்.

ஆகவே வழக்கை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "திருப்பித் தருவதாகச் சொன்னார்" என்று மட்டும் எழுதினால் வாசலிலேயே நின்றுவிடும். சாட்சிகள் மட்டும் போதாது, சுற்றியுள்ள நடப்பும் பேச வேண்டும். கிரயத்துக்குப் பிறகும் உழுதது யார், பட்டா யார் பேரில் இருக்கிறது, கிஸ்தி (நிலவரி) கட்டியது யார், பத்திரத்தில் போட்ட விலை அன்றைய வழிகாட்டி மதிப்புக்கு எவ்வளவு குறைவு. வட்டி கட்டியதற்கு ரசீது இல்லையே என்று கலங்காதே; பணம் கொடுத்ததை வாய்மொழியாகவும் நிரூபிக்கலாம். கையில் கொடுத்தபோது கூட இருந்தவர் யார் என்று செல்வியிடம் கேட்டு வை.

பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க மூன்று வருடக் கெடு உண்டு. அவர் எப்போது முதன்முதலாக நிலம் தன்னுடையது என்றார் என்ற தேதி முக்கியம். பட்டா, அடங்கல் (சாகுபடிக் கணக்கு), கிஸ்தி ரசீதுகள், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு செல்வியையும் அழைத்து வா. அதுவரை அவர் நீட்டும் எந்தத் தாளிலும் அவள் கையெழுத்துப் போட வேண்டாம்.

அன்புடன்,
ராஜாராம்