அஜினோமோட்டோவை விட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு சமையல் பக்கத்தில் வந்த 'கடைச் சுவையில் ஆரோக்கியமான சுவீட் அண்ட் சவர் சிக்கன்' குறிப்பை வாசித்தேன். "அஜினோமோட்டோவைத் தவிர்த்தால் போதும், பிரஷர் உள்ளவர்களும் தாராளமாகச் சாப்பிடலாம்" என்று முடித்திருந்தீர்கள். அந்த ஒரு வரி என்னை மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை.

அதே குறிப்பில் நாலு பேருக்கு ஆறு மேசைக்கரண்டி சோயா சோஸ் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம். ஆளுக்கு 1,350 ஆகிறது. நாள் முழுவதற்கும் 2,000-க்குள் நிற்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதற்கு மேல் தக்காளி சோஸ், அதற்கும் மேல் 'உப்பு தேவையான அளவு'. அஜினோமோட்டோவில் உள்ள சோடியமோ கறியுப்பில் இருப்பதில் மூன்றிலொரு பங்குதான். 1968-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றுக்கு ஒரு மருத்துவர் எழுதிய கடிதத்திலிருந்து கிளம்பிய பயம் அது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரே அந்தக் கடிதத்தில் சோயா சோஸையும் உப்பையும் சேர்த்துத்தான் சந்தேகப்பட்டிருந்தார்.

என் கணவருக்குப் பதினொரு வருடமாகப் பிரஷர். இரண்டு வருடத்துக்கு முன், இதுபோன்ற ஒரு குறிப்பை நம்பி, வீட்டுச் சாப்பாடுதானே என்று வாரத்தில் இரண்டு நாள் செய்து கொடுத்தேன். கறிக்கு உப்பைப் பாதியாகக் குறைத்திருந்தேன். சோஸ் போத்தலுக்குள் இருந்த உப்பை நினைக்கவேயில்லை. ஒரு காலை அவருக்குச் செருப்புக் கொள்ளவில்லை, கால் அவ்வளவு வீங்கியிருந்தது. கிளினிக்கில் பிரஷர் 170-க்கு மேல். "என்னம்மா சமைச்சுக் குடுக்கிறீங்கள்?" என்று டொக்டர் கேட்டபோது கூனிக் குறுகிப்போனேன். நிலாவெளி உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான், எனக்கே உப்பு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் போயிற்று.

இப்போதும் செய்கிறேன், அவருக்கு அவ்வளவு ஆசை. தோல் நீக்கிய தொடை இறைச்சி அரைக் கிலோவை இரண்டு மேசைக்கரண்டி சோள மாவில் பிரட்டி, தாச்சியில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டுப் பரப்பி வைப்பேன். கிண்டக்கூடாது. அடிப்பக்கம் பொன்னிறமாகித் தானாகக் கழன்று வந்த பிறகே திருப்ப வேண்டும். பொரித்த மொறுமொறுப்பில் முக்கால்வாசி அதிலேயே கிடைத்துவிடும். பிறகு உள்ளி, இஞ்சி, கறிமிளகாய், பெரிய வெங்காயம், அன்னாசித் துண்டுகள். புளிப்புக்குத் தென்னம் வினாகிரி, இனிப்புக்கு அன்னாசிச் சாறும் இரண்டு தேக்கரண்டி சீனியும். நாலு பேருக்கும் சேர்த்து சோயா சோஸ் ஒரேயொரு மேசைக்கரண்டி, வேறு உப்பே இல்லை. கடைசியில் கொஞ்சம் சோள மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் குழம்பு தடித்து இறைச்சியைப் பிடித்துக்கொள்ளும். குறைந்த சோஸும் நாக்கில் நிற்பது அதனால்தான்.

இதற்கு ஓவன் வேண்டாம், எயர் பிரையர் வேண்டாம். உங்கள் பக்கமோ இரண்டும் எல்லா வீட்டிலும் இருப்பதாகவே எழுதுகிறது. திருகோணமலைச் சந்தையில் நாங்கள் கண்டிராத புரொக்கோலியைக் கேட்கிறது. 'இல்லத்தரசிகளே' என்று தொடங்குகிறது. என் வீட்டில் கோழி வெட்டித் தருவது என் மகன். எங்கள் ஊர் உங்கள் பத்திரிகையில் வருவது கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் மட்டும்தான். போன தீபாவளிக்குப் பனங்கருப்பட்டி நீரிழிவுக்காரருக்குக் கெடுதியில்லை என்று போட்டீர்கள். கருப்பட்டியும் பெரும்பாலும் சீனிதான் என்று அன்றே எழுதினேன். கடிதமும் வரவில்லை, திருத்தமும் வரவில்லை. முப்பது வருடமாகக் காசு கொடுத்து வாங்கி வாசிக்கிறவர்களை நீங்கள் இப்படி நடத்தியது மனதுக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் இரண்டு வரி போடுங்கள்: சோயா சோஸ் ஆறல்ல, ஒரு மேசைக்கரண்டி; பிரஷர் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்டுச் சாப்பிடவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உப்புவெளி, திருகோணமலை.