மீன் மீது பழி போடும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

விடுமுறைக்குக் கடலோரச் சொந்த ஊருக்குப் போன இடத்தில் மீன் சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலித்தால், 'இந்த மீன் நமக்கு ஒத்துக்கொள்ளாது' என்று ஆயுளுக்கும் ஒதுக்கிவிடுகிறோம். சாப்பிட்டது சூரை, கானாங்கெளுத்தி, மத்தி என்றால் அது ஒவ்வாமையாகவே இருக்க வேண்டியதில்லை. பிடித்த மீன் வெயிலில் கிடக்கும்போது பாக்டீரியாக்கள் அதன் சதையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. முகம் சிவப்பதும் அரிப்பதும் தலை வலிப்பதும் இந்த ஹிஸ்டமினால்தான். உருவான ஹிஸ்டமின் குழம்பு கொதித்தாலும் போகாது, ஃப்ரீசரில் உறைந்தாலும் போகாது. வாடையும் அடிக்காமல் இருக்கலாம். (மூச்சு வாங்கினால் காரணத்தை ஆராயாமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.)

இதைத் தடுக்க ஐஸ்தான் வழி. வாங்கி முடித்து வீட்டுக்கு வந்தபின் வைக்கும் ஐஸ் அல்ல, வாங்கப் போகும்போதே பெட்டியில் இருக்கும் ஐஸ். வெப்பமான ஊர்களில் கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் வேண்டும். பாளமாக வைத்தால் மீனைத் தொடும் இடம் குறைவு, அதனால் நொறுக்கியே போட வேண்டும். அடியில் ஒரு அடுக்கு, மீன், மேலே இன்னொரு அடுக்கு. பெரிய மீனென்றால் குடலையும் செவுளையும் எடுத்துவிட்டு வயிற்றுக்குள்ளும் திணிக்கலாம். உருகும் நீர் ரத்தமும் அழுக்குமாக இருக்கும், அது வடிய வழி வேண்டும்.

செவுளின் நிறத்தை மட்டும் பார்த்து மீன் வாங்குவது போதாது. செவுளை முகர்ந்து பாருங்கள், சதையை விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் அப்படியே நின்றால் பழைய மீன்.

நண்டை உயிரோடுதான் வாங்க வேண்டும். செத்த நண்டில் அதன் செரிமான நொதிகளே சதையைக் கூழாக்கிவிடும். உயிரோடு இருந்தும் கைக்கு லேசாகத் தெரிந்தால் அண்மையில் ஓடு கழற்றியதாக இருக்கும், உள்ளே தண்ணீர்தான். இறால் தலை கறுப்பதும் நொதி வேலையே, அழுகல் அல்ல. ஆனால் தலை கழன்று ஆடினால் வேண்டாம். வாய் திறந்த மட்டியைத் தட்டினால் மூட வேண்டும், மூடாதது செத்தது. பலர் உயிருள்ள மட்டியை உப்பில்லாத நல்ல தண்ணீரில் ஊறப்போட்டுக் கொன்றுவிடுகிறார்கள். ஈரத்துணி போர்த்திக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் போதும்.

உங்கள் சமையல் பக்கத்தில் மிளகாய்த்தூளுக்கு அளவு தரும்போது ஐஸுக்கும் ஒரு வரி ஒதுக்கலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்