அட்டையைக் கிழிக்காதீர்கள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் பழைய பேப்பர் கடை நடத்தும் அண்ணன்மார்களுக்கும், தள்ளுவண்டியில் தெருத்தெருவாகப் போய் வாங்கிவரும் தம்பிகளுக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதியில் பழைய புத்தகம் பரப்பும் நண்பர்களுக்கும்,

வணக்கம். நான் திருப்பாதிரிப்புலியூர்க்காரன். பேய்க்கதை, போர்க்கதை, கௌபாய்க்கதை என்று மூன்று வகைப் பழைய காமிக்ஸ் புத்தகங்களை முப்பது ஆண்டுகளாகச் சேர்த்துவருகிறேன். உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். கட்டுகளுக்கு நடுவே மணிக்கணக்கில் உட்கார்ந்து துழாவ நீங்கள் விட்டதால்தான் என் அலமாரியில் பாதி நிறைந்தது. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆடி மாதம் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு பெரியவர் காலமானார். சிறு வயது முதல் வாங்கிய எல்லாப் படக்கதைகளையும் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தவர். காரியம் முடிந்ததும் பிள்ளைகள் வீட்டைக் காலி செய்தார்கள். தகவல் தெரிந்து நான் பஸ் பிடித்துப் போனபோது புத்தகங்கள் கடைக்குப் போய்விட்டிருந்தன. கடையில் பலகை போட்டு உட்கார்ந்திருந்த பையன் ஒவ்வொன்றாக எடுத்து, இடது கையால் முதுகை அமுக்கி, வலது கையால் அட்டையை ஒரே இழுப்பில் உரித்துக்கொண்டிருந்தான். வண்ண அட்டை ஒரு சாக்குக்கு, உள்தாள் இன்னொரு சாக்குக்கு. கம்பிப் பின் இருந்த இடத்தில் இரண்டு துருப்பிடித்த ஓட்டைகள் மட்டும் மிச்சம். சாக்கின் வாயில் படக்கதை நாயகன் இரும்புக்கை மாயாவியின் முகம் பாதி தெரிந்தது. கடைக்காரரிடம் கேட்டேன். "அட்டை கலந்திருந்தால் மண்டியில் விலையைக் குறைக்கிறார்கள் சார்" என்றார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அது காமிக்ஸ் என்று அவருக்குத் தெரியும். அது கிடைக்காத காமிக்ஸ் என்று சொல்ல ஆள் இல்லை. அந்த ஆளாக நான் இருந்திருக்க வேண்டும்.

அதனால் கேட்கிறேன். தராசில் வைப்பதற்கு முன் படக்கதைப் புத்தகங்களை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். அட்டையைக் கிழிக்காதீர்கள்.

இந்தப் புத்தகங்கள் அரிதானதே எடைக்குப் போனதால்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய காகிதம் திரட்டும் இயக்கம் நடந்தது. பிள்ளைகளே வீடு வீடாகப் போய்க் காமிக்ஸ் புத்தகங்களையும் சேர்த்துக் கூழாக்கக் கொடுத்தார்கள். போருக்குப் பிறகும் அமெரிக்கக் கடைக்காரர்கள் விற்காமல் நின்ற இதழ்களின் அட்டையில் தலைப்பு இருக்கும் மேல்பட்டையை மட்டும் கிழித்துத் திருப்பி அனுப்பிக் கணக்கு நேர் செய்தார்கள். மீதிப் புத்தகம் கழிவுக்கு. உங்கள் கடையில் நான் பார்த்த அதே கிழிப்புதான்.

ஒதுக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே ஒரு கதை உண்டு. நியூயார்க்கில் வில்லியம் கெயின்ஸ் என்ற பதிப்பாளர் 1950-இல் இ.சி. காமிக்ஸ் என்ற பெயரில் மூன்று பேய்க்கதை இதழ்களைத் தொடங்கினார். அதே நிறுவனத்திலிருந்து ஹார்வி கர்ட்ஸ்மன் நடத்திய போர்க்கதை இதழ்களும் வந்தன. போரை வீர விளையாட்டாகக் காட்டாமல் சாவும் அழிவுமாகக் காட்டியவை அவை. இன்றுவரை அவற்றுக்கு நிகரான போர்க்கதைகளை நான் படித்ததில்லை. 1954-இல் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று கூச்சல் எழுந்து, அமெரிக்க செனட் துணைக்குழு கெயின்ஸை விசாரித்தது. அந்த ஆண்டே பதிப்பாளர்கள் கூடி ஒரு கட்டுப்பாட்டு விதியை எழுதிக்கொண்டார்கள். திகில், பயங்கரம் என்ற சொற்களே தலைப்பில் வரக்கூடாது என்றார்கள். கெயின்ஸின் பேய்க்கதை இதழ்கள் நின்றுபோயின. ஆனால் அவர் ஒவ்வொரு இதழிலும் ஏறக்குறைய 12 பிரதிகளை எடுத்து, உறையிட்டுப் பூட்டி வைத்திருந்தார். பல பத்தாண்டுகள் கழித்து அவற்றைத் திறந்தபோது நேற்று அச்சடித்ததுபோல் இருந்தன. ஒரு மனிதர் ஒதுக்கி வைத்ததால் இன்று உலகம் அவற்றைப் புத்தம்புதிதாகப் பார்க்கிறது.

நம் ஊரில் அப்படி ஒதுக்கி வைத்த பதிப்பாளர் கிடங்கு எதையும் நான் பார்த்ததில்லை. நான் ஏறி இறங்கிய நூலகங்களில் நாவல் உண்டு, பக்தி நூல் உண்டு; முத்து காமிக்ஸை பைண்டு செய்து வைத்த அலமாரி ஒன்றுகூட இல்லை. வீடுகள்தான் இந்தப் புத்தகங்களுக்கு நூலகமாக இருந்தன. 1972-இல் முத்து காமிக்ஸ் வந்தபோது பத்து வயதுப் பையனாக இருந்தவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. அந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. காலியாகும் ஒவ்வொரு வீட்டின் காகிதமும் உங்கள் கை வழியாகத்தான் போகிறது. வேறு யாரிடமும் இதை நான் கேட்க முடியாது.

எவற்றை எடுத்து வைக்கவேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ், 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ், அதே ஆண்டில் தொடங்கி 2005 வரை வந்த ராணி காமிக்ஸ், எண்பதுகளின் திகில் காமிக்ஸ் ஆகிய பெயர்கள் அட்டையிலேயே இருக்கும். அட்டை போயிருந்தால் உள்ளே புரட்டுங்கள். பக்கத்துக்கு நான்கைந்து கட்டம், கட்டத்துக்குள் படம், படத்துக்குள் வெள்ளைக் குமிழில் பேச்சு இருந்தால் அதுதான். அட்டை இல்லாததையும் எடுத்து வையுங்கள். அட்டை உள்ள பிரதி ஒன்றில் நடுப்பக்கம் போயிருக்கும். இரண்டையும் வைத்து ஒரு முழுக்கதையை நாங்கள் படித்துவிடுவோம்.

ஆங்கிலத்தில் கையடக்கப் போர்க்கதைப் புத்தகங்கள் வரும். நோட்ஸ் புத்தகம் என்று நினைத்துப் பழைய பேப்பர்க் கட்டோடு சேர்த்துவிடுகிறார்கள். லண்டனிலிருந்து 1958 முதல் ஒரு வரிசை, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலிருந்து 1961 முதல் கமாண்டோ என்று இன்னொரு வரிசை. பழைய பிரதிகளில் படம் வரைந்தவர் பெயரே இருக்காது. ஆனால் லண்டன் வரிசையில் சில கதைகளை வரைந்தவர் ஹியூகோ பிராட். இத்தாலியின் மாபெரும் காமிக்ஸ் ஓவியர்களில் ஒருவர் பெயர் போடாமல் வரைந்த பக்கங்கள் நம் மஞ்சக்குப்பத்துச் சாக்கு ஒன்றில் கிடக்கலாம்.

புதுச்சேரிக் கடைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த சொல்தாக்களின் வீடுகளிலிருந்து கெட்டி அட்டை போட்ட பெரிய பிரெஞ்சுப் படக்கதைகள் வரும். மொழி புரியவில்லை என்று அட்டையை உடைத்துவிடாதீர்கள். அப்படி உடையாமல் எனக்கு ஒன்று கிடைத்தது. தமிழில் கேப்டன் டைகர் என்று நாம் படிக்கும் கௌபாய்க்கதை வீரர், பிரெஞ்சில் 1963-இல் பிறந்த புளூபெர்ரி. அவருடைய தங்கக் கல்லறை என்ற கதை தமிழில் முதலில் கறுப்பு வெள்ளையில்தான் வந்தது. அதையும் எனக்குக் கிடைத்த அதே கதையின் பிரெஞ்சுப் புத்தகத்தையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்தேன். தமிழில் மை பரவிக் கறுத்திருந்த பாறை, பிரெஞ்சில் செம்மண் நிறத்தில் வெயிலாய்க் காய்ந்தது. பன்னிரண்டு வயதில் நான் மனத்துக்குள் பூசிக்கொண்ட நிறமும் ஏறக்குறைய அதுவேதான். பிரெஞ்சு ஒரு வரி தெரியாமல் அன்று முழுக் கதையையும் படித்து முடித்தேன்.

கட்டும்போது சணலை இறுக்காதீர்கள், ஓரத்தை அறுத்துவிடுகிறது. நனைந்து வந்தால் வெயிலில் போடவேண்டாம். ஒட்டிய பக்கத்தைப் பிரிக்கவும் வேண்டாம். நிழலில் நிறுத்திவைத்து மின்விசிறிக் காற்று பட்டால் போதும். 2024 நவம்பர் 30-இல் கரை கடந்த பெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அதற்குப் பிறகு வந்த வாரத்தில் ஈரப் புத்தகம் எத்தனை வண்டி போயிற்று என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். அதில் பாதியைக் காப்பாற்றியிருக்கலாம்.

விலையையும் நேராகப் பேசிவிடுவோம். எல்லாப் படக்கதையும் ஆயிரக்கணக்கில் போகாது. அப்படிச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் கிலோ விலையைவிட எந்தப் புத்தகமும் பல மடங்கு கூடுதலாகவே போகும். உங்களிடம் எடைக்கு வாங்கிப்போய் மறுநாளே பெரிய தொகைக்கு விற்கும் சேகரிப்பாளர்கள் சிலர் இருக்கிறார்கள். அது எனக்குப் பிடிப்பதில்லை, அவர்களிடமே சொல்லியிருக்கிறேன். என்னிடம் எந்தப் புத்தகத்தைக் காட்டினாலும் அது என்ன, எவ்வளவு பெறும் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் விலை பேசுவேன். வேறு ஆளுக்கு விற்றாலும் எனக்கு மகிழ்ச்சியே.

வரும் மாதம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை காலை காந்தி வீதிக்கும், மற்ற நாள்களில் மாலையில் கடலூர்க் கடைகளுக்கும் வருகிறேன். கடைக்கு ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவருவேன். மேலே தடித்த எழுத்தில் 'படக்கதை' என்று எழுதியிருக்கும். தராசுக்குப் பக்கத்தில், தண்ணீர் படாத இடத்தில் அதை வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குக் காசு வேண்டாம்.

அன்புடன்,
திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகன்