இல்லாத ‘விச்’சைத் தேட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஆங்கில இலக்கணப் பகுதியில், “ஹூ, விச், தட் ஆகிய சொற்களை விழுங்கிவிட்டுப் பேசுவது சோம்பேறிகளின் வழக்கம், எழுத்தில் அதைத் தவிர்ப்பதே பண்பு” என்று ஒரு வாக்கியம் வெளியாகியிருந்தது. கட்டுரையாளரின் பண்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 32 ஆண்டுகள் ஆங்கில நூல்களுக்கு மெய்ப்புத் திருத்திப் பிழைத்தவனைச் சோம்பேறிகளின் வரிசையில் நிறுத்தும்போது, அவன் பதிலுக்கு நான்கு வார்த்தை சொல்ல இடம் தருவதும் பண்புதான் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

‘தி பென் ஐ லாஸ்ட்’ என்ற தொடரைக் காட்டி, இதில் ‘விச்’ விழுங்கப்பட்டுவிட்டது என்கிறார் கட்டுரையாளர். இதைத் தமிழில் ‘நான் தொலைத்த பேனா’ என்கிறோம். ‘எந்தப் பேனாவை நான் தொலைத்தேனோ அந்தப் பேனா’ என்பதிலிருந்து மூன்று சொற்களை விழுங்கித்தான் இப்படிச் சொல்கிறோம் என்று எவரும் நம்மைக் குற்றம் சாட்டியதில்லை. பெயரெச்சம் பெயரை நேரடியாகத் தழுவி நிற்கிறது. நடுவில் தூதுவர் வேண்டியதில்லை. ஆங்கிலத்திலும் ஏறத்தாழ இதே ஒட்டுறவு இருப்பதைக் கண்டுதான் டென்மார்க்கின் மொழியியலாளர் ஆட்டோ யெஸ்பர்சன் இவற்றைக் ‘கான்டாக்ட் கிளாஸ்’, அதாவது தொட்டு நிற்கும் தொடர், என்று அழைத்தார். இங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது என்று பேசுவதே தவறு என்றும் வாதிட்டார். இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல. அறிந்தும் அந்த வாக்கியத்தை எப்படி அச்சுக்கு அனுப்பினீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

பள்ளியில் என் கட்டுரை ஏட்டின் ஒரே பக்கத்தில் நான்கு இடங்களில் சிவப்பு மையால் கூரைக் குறி போட்டு, அதன் மேல் ‘விச்’ என்று எழுதினார் ஓர் ஆசிரியர். பேனா முனையை அவர் அழுத்திய அழுத்தத்தில் மை மறுபக்கம் வரை ஊறியிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்த கணக்கும் தவறாகிவிட்டதுபோலத் தோன்றியது. அந்த நான்கு குறிகளையும் மனத்தில் சுமந்துகொண்டுதான் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் ஆண்டில் கைக்கு வந்த கையெழுத்துப் பிரதி ஒன்றில், ‘விச்’சும் ‘ஹூம்’மும் இல்லாத இடங்களிலெல்லாம் அவற்றை நுழைத்து, பெரும் பணி முடித்த நிறைவோடு நூலாசிரியரிடம் அனுப்பினேன். பிரதி திரும்பி வந்தபோது நான் நுழைத்த ஒவ்வொரு சொல்லின் மேலும் பென்சிலால் ஒரு மெல்லிய கோடு இருந்தது. திட்டியோ விளக்கியோ ஓர் எழுத்தும் இல்லை. அன்று மாலை முழுவதும் அழிப்பானும் கையுமாக உட்கார்ந்து நான் கற்ற இலக்கணத்தை, தங்கள் கட்டுரையாளர் ஒரே வாக்கியத்தில் மறுபடி தலைகீழாக்கிவிட்டார்.

உண்மையில் எங்கே ‘ஹூ’வை விடக் கூடாது என்பதை அவர் சொல்லியிருந்தால் நன்றி கூறியிருப்பேன். ‘தி மேன் ஐ கால்ட் இஸ் ஹியர்’ சரி. ‘தி மேன் கால்ட் மீ இஸ் ஹியர்’ பிழை. முதலாவதில் ‘மேன்’ என்ற பெயரை அடுத்து ‘ஐ’ என்று இன்னொரு எழுவாய் வந்து நிற்பதால், உள்ளே வேறொரு தொடர் தொடங்குகிறது என்பது கேட்பவருக்கு அந்தக் கணமே தெரிந்துவிடுகிறது. இரண்டாவதில் பெயரை அடுத்து வினையே வந்துவிடுவதால், அந்த மனிதர் கூப்பிட்டார் என்று முழு வாக்கியமாகவே மனம் எடுத்துக்கொண்டு, ‘இஸ்’ வந்ததும் தடுக்கி விழுகிறது. ஆகவே ஹூ, விச், தட் போன்ற உறவுச்சொல்லே உள்தொடரின் எழுவாயாக இருந்தால் அதை விட முடியாது. காற்புள்ளி இட்டுக் கூடுதல் தகவலாகச் சேர்க்கும் தொடரிலும் விட முடியாது. ‘தேர் இஸ் எ மேன் வான்ட்ஸ் டு சீ யூ’ என்பதுபோலப் பேச்சில் கேட்பது தனிக் கதை.

தமிழர் வழுக்கும் இடமே இதுதான். நம் பெயரெச்சத்துக்கு எழுவாய், செயப்படுபொருள் என்ற பாகுபாடு இல்லை. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என ஆறையும் அது தழுவும் என்று நன்னூல் வகுத்துவைத்திருக்கிறது: எழுதிய மாணவன், எழுதிய பேனா, எழுதிய அறை, எழுதிய எழுத்து, எழுதிய நாள், எழுதிய கடிதம். ஆறுக்கும் ஒரே ‘எழுதிய’. இந்தப் பழக்கத்தில்தான் ‘நேற்று வந்த மனிதர்’ என்பதை ‘தி மேன் கேம் எஸ்டர்டே’ என்று நாம் எழுதிவிடுகிறோம். ‘நான் உட்கார்ந்த நாற்காலி’ என்னும்போது ‘மேல்’ என்ற சொல்லே மறைந்துவிடுவதால், ‘தி சேர் ஐ சாட்’ என்று எழுதிவிட்டு ‘ஆன்’ போட மறக்கிறோம். என் கையில் வந்த பிரதிகளில் நான் சேர்த்த ‘ஆன்’, ‘இன்’, ‘வித்’ ஆகியவற்றைக் கூட்டினால் தங்கள் இதழின் ஒரு பக்கமாவது நிறையும். இந்தப் பிழையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. பிழையல்லாததைக் கண்டிக்க அரைப் பக்கம் இருக்கிறது.

‘ஆன்’ என்றதும் பழைய புண் ஒன்று நினைவுக்கு வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பகுதியில், ‘ஆன்’, ‘இன்’ போன்ற முன்னிடைச்சொல்லில் வாக்கியத்தை முடிக்கக் கூடாது என்று எழுதினீர்கள். 1672-இல் ஆங்கிலக் கவிஞர் டிரைடன் கிளப்பிய ஆட்சேபம் அது. உறவுச்சொல் இல்லாத தொடரில் முன்னிடைச்சொல் கடைசியில்தான் நிற்க முடியும், அதற்கு வேறு புகலிடம் இல்லை என்று விளக்கி, ‘தி சேர் ஐ சாட் ஆன்’ என்ற உதாரணத்தோடு கடிதம் எழுதினேன். தாங்கள் அதைப் பெருந்தன்மையோடு வெளியிட்டீர்கள். ஆனால் உதாரணத்தை மட்டும் ‘தி சேர் ஆன் விச் ஐ சாட்’ என்று திருத்திவிட்டீர்கள். என் வாதத்தை என் பெயரிலேயே மறுத்த அந்தக் கடிதத்தைப் படித்த நண்பர்கள், எனக்கு வயதாகிவிட்டது என்று முடிவுகட்டினார்கள்.

‘தி வே யூ ஸ்பீக்’ என்பதில் கட்டுரையாளர் எதை நுழைப்பார் என்று அறிய ஆவலாக இருக்கிறேன். ‘ஹௌ’ நுழைத்தால் பிழை. ‘இன் விச்’ நுழைத்தால் பிழையில்லை, ஆனால் பத்திரம் எழுதுபவரின் நடை வந்து சேரும். அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனும் இந்த விடுபாட்டைப் பேச்சுவழக்கின் காட்டுத்தனம் என்றவர்தான். அவருடைய சொந்தக் கடிதங்களிலோ அது தாராளமாகக் கிடக்கிறது. அவரை மட்டும் சொல்வானேன்? என் முந்தைய கடிதத்துக்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய ஆங்கிலப் பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘தி லெட்டர் யூ சென்ட்’ என்று தொடங்குகிறது. அதைப் படித்தபோது தங்கள் பண்பில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழின் ஏதேனும் ஒரு மூலையில், காற்புள்ளி இடாத தொடரில் உறவுச்சொல் எழுவாயாக இல்லாதபோது அதை விடுவது எழுத்திலும் பிழையன்று என்று நான்கு வரி வெளியிடுங்கள். அதனடியில் என் பழைய உதாரணத்தை, ‘ஆன்’ இருந்த இடத்திலேயே இருக்க, ஒருமுறை அச்சிடுங்கள். இடம் போதாதென்றால் கட்டுரையாளரின் புகைப்படத்தைச் சற்றே சிறிதாக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்