குதிகாலுக்கு ஓர் அடங்கல்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. சம்பா நடவு முடிந்துவிட்டது.

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது வலது குதிகாலில் ஆணி இறங்குவதுபோல் வலிக்கிறது என்றும், கொஞ்சம் நடந்தபின் குறைகிறது என்றும், மதியம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தால் மறுபடியும் அதே வலி என்றும் ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். நான் சொல்ல ஆரம்பித்ததற்கெல்லாம் “சரிப்பா, சரிப்பா” என்று இரண்டே நிமிடத்தில் போனை வைத்துவிட்டாய். பதினான்கு மாதம் நான் பட்ட பாட்டை இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

டாக்டர்கள் இதற்குப் பிளான்டர் ஃபேசியைட்டிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் குதிவாதம் என்றால் எல்லோருக்கும் புரியும். குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி, உள்ளங்கால் வழியாக விரிந்து, விரல்களின் அடிவரை போகும் கெட்டியான நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது. பாதத்தின் வளைவு தாழ்ந்துவிடாமல் இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். முளையில் கட்டிய மாட்டுக் கயிறு நடுவில் நைவதில்லை, முடிச்சு விழுந்த இடத்தில்தான் நையும்; இந்தப் பட்டையும் குதிகால் எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்தில்தான், அதிலும் உட்பக்கமாகத்தான், பெரும்பாலும் நைகிறது. கட்டைவிரலை மேல்நோக்கி வளைத்துக்கொண்டு அந்த இடத்தை அழுத்திப் பார், நீயே “ஆ” என்பாய். தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் பட்டை இரவு முழுவதும் சுருங்கிக் கிடக்கிறது. விடிந்ததும் உடம்பின் பாரம் அத்தனையையும் ஒரே அடியில் அதன் மேல் இறக்குகிறோம். முதல் அடி அப்படி வலிப்பதற்குக் காரணம் அதுதான்.

எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்று சொன்னார்கள் என்று பயந்து போயிருக்கிறாய். எனக்கும் அந்த முள் போன்ற வளர்ச்சி இருந்தது, வலி முழுவதும் போனபின்பும் இருக்கிறது. வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரே எடுத்தால் அது தெரியும். அந்த முள்தான் குத்துகிறது என்று நினைத்துக்கொண்டு, அதை வெட்டி எடுக்க யாராவது சொன்னால் கேட்காதே.

எனக்கு இது வந்த கதையை நீ அரைகுறையாகத்தான் அறிவாய். 2022-இல் மேட்டூர் அணையை மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். அந்த மாதக் கடைசியில் நான் ஓய்வு பெற்றேன். முப்பது வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து, பயிராய்வுக்காக வரப்பு வரப்பாக, பாதி நாள் வெறுங்காலுடன், வண்டல் மண்ணில் நடந்த கால் இது. வீட்டில் சும்மா உட்கார்ந்ததும் இரண்டு மாதத்தில் ஆறு கிலோ ஏறியது, சர்க்கரையும் கூடவே ஏறியது. உடனே எனக்கு வந்தது வீராப்பு. தேய்ந்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, குடமுருட்டி ஆற்றின் கரையோரத்துச் சிமெண்ட் சாலையில் முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் நடந்தேன், மறுநாளும் நடந்தேன், ஒரு நாளும் விடவில்லை. ஆகஸ்டில் வலி பிடித்தது. சிமெண்டின் மேல் பழி போடுவது எளிது. ஆனால் தவறு சாலையினுடையதை விட, பழகாத பாரத்தை ஒரே மூச்சில் ஏற்றிய என்னுடையது என்றே இப்போது நினைக்கிறேன். நீயும் தீபாவளி விற்பனைக்காக ஒன்றரை மாதம், நாளுக்குப் பதினோரு மணி நேரம், கிரானைட் தரையில் நின்றிருக்கிறாய். இரண்டும் ஒரே கணக்குத்தான்.

வலி வந்ததும் ஊரே வைத்தியரானது. செங்கல்லைச் சூடாக்கி, அதன் மேல் எருக்க இலையைப் போட்டு மிதி என்று உன் பெரியம்மா சொன்னார்கள். நம் பாட்டிமார் காலத்திலிருந்து வந்த வைத்தியம்தான், சூடு பட்டால் சற்று இதமாக இருக்கும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரையால் என் பாதத்தில் உணர்வு குறைந்திருந்தது எனக்கே தெரியாது. சுகமாக இருக்கிறதே என்று மிதித்துக்கொண்டே இருந்தேன். எடுத்துப் பார்த்தால் குதிகாலின் ஓரத்தில் எட்டணா அளவுக்குக் கொப்புளம். அது ஆற ஒரு மாதம் ஆனது.

அடுத்தது ஊசி. டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில், சர்க்கரை இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல் குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். மறுவாரமே வலி பறந்துவிட்டது, நானும் ஊரெல்லாம் அந்த டாக்டரின் புகழ் பாடினேன். அந்த வாரத்தில் சர்க்கரை முந்நூறைத் தாண்டியது. ஆறு வாரத்தில் வலி பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது. ஊசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேறெதற்கும் அடங்காத வலிக்கு அதற்கு இடம் உண்டு. ஆனால் அது தரும் ஆறுதல் பெரும்பாலும் சில வாரங்களுக்குத்தான்; திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் அடியில் மெத்தை போல இருக்கும் கொழுப்பு மெலிவதும், அபூர்வமாக அந்தப் பட்டையே அறுந்துபோவதும் உண்டு. உனக்கு வலி வந்து முழுதாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. உன்னுடன் வேலை செய்யும் பெண் சொன்னாள் என்பதற்காக முதல் மருந்தாக ஊசிக்குப் போகாதே.

என்னைக் கரையேற்றியவர் தஞ்சாவூரில் ஒரு பிசியோதெரபிஸ்ட், உன் வயதுதான் இருக்கும். அவர் முதலில் சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை: “ஐயா, இது மாதக்கணக்கில் ஆகும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிவிடும், ஆனால் நீங்கள் தினமும் செய்ய வேண்டும்.” பெயரின் கடைசியில் வரும் ‘ஐட்டிஸ்’ அழற்சியைக் குறித்தாலும் நாட்பட்ட வலியில் வீக்கத்தை விட நார் நைந்திருப்பதே முக்கியம் என்றும், அதனால்தான் வலி மாத்திரை நாலு நாள் கேட்டுவிட்டு நின்றுவிடுகிறது என்றும், நைந்த நார் தேறுவதற்கு அதை நீட்டவும் வேண்டும், அளவாகப் பாரம் ஏற்றவும் வேண்டும் என்றும் விளக்கினார்.

அவர் சொல்லித் தந்ததை அப்படியே எழுதுகிறேன். காலையில் கண் விழித்ததும் தரையில் கால் வைக்காதே. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்றத் தொடையின் மேல் போட்டு, கால் விரல்களை ஒரே பிடியாகப் பிடித்து முழங்கால் பக்கமாக மேலே இழு. மற்றக் கையின் பெருவிரலால் உள்ளங்காலைத் தொட்டால், பட்டை வீணைத் தந்தி போல விறைத்து நிற்பது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் போதுமான அளவு இழுக்கவில்லை என்று பொருள். பத்து விநாடி பிடித்து விடு, பத்து தடவை செய், நாளுக்கு மூன்று வேளை. வெகுநேரம் உட்கார்ந்து எழுவதற்கு முன்பும் செய். இதனுடன் கெண்டைக்கால் சதையையும் நீட்ட வேண்டும், ஏனென்றால் அது இறுகினால் குதிகாலையும் சேர்த்து இழுக்கும்: சுவரில் கைகளை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முன்னால் சாய்ந்து அரை நிமிடம் நில், பிறகு முழங்காலைச் சற்று மடக்கிக்கொண்டு இன்னொரு அரை நிமிடம்.

மூன்றாவது பயிற்சிதான் உண்மையில் வேலை செய்தது என்பது என் அபிப்பிராயம். நம் திண்ணைப் படியின் விளிம்பில், துண்டை இறுகச் சுருட்டி வைத்து, அதன் மேல் விரல்கள் மேல்நோக்கி வளைந்திருக்கும்படி முன்பாதத்தை மட்டும் பதித்து, தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழும்புவேன். மூன்று விநாடியில் எழும்ப வேண்டும், உச்சியில் இரண்டு விநாடி நிற்க வேண்டும், மூன்று விநாடியில் இறங்க வேண்டும். பன்னிரண்டு தடவை ஒரு சுற்று, மூன்று சுற்று, ஒன்றுவிட்டு ஒரு நாள். ஆரம்பத்தில் ஒற்றைக் காலில் என்னால் ஆறு தடவைகூட முடியவில்லை. முதல் மூன்று வாரம் இரண்டு காலாலும்தான் எழும்பினேன். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலை வலி கூடியிருந்தால் அளவைக் குறைத்துக்கொள். போகப் போகத் தோளில் ஒரு பையை மாட்டிப் பாரத்தைக் கூட்ட வேண்டும். நான் என் பழைய ஜமாபந்தி நோட்டுகளை, அதாவது வருடாந்திரக் கிராமக் கணக்குத் தணிக்கைக்கு வைத்திருந்தவற்றை, அந்தப் பையில் போட்டுக்கொண்டேன். அவற்றால் கிடைத்த ஒரே நன்மை அதுதான் என்று அம்மா சொல்கிறாள்.

தொழில் புத்தி விடவில்லை. வயலுக்கு வயல் பயிரைப் பதியும் அடங்கல் கணக்கைப் போல, குதிகாலுக்கும் ஓர் அடங்கல் போட்டேன். வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலியில் 1432, ஆடி மாதம் முதல்: தேதி, முதல் அடி வலிக்குப் பத்துக்கு எத்தனை, மாலை வலி எத்தனை, அன்று நின்ற நேரம், குறிப்பு. அதைப் புரட்டினால் ஒரு விஷயம் தெரிகிறது. நாள் நாளாகப் பார்த்தால் ஒன்றும் முன்னேறவில்லை. 6, 5, 7, 5, 6 என்று ஆடிக்கொண்டே இருக்கும். மாதம் மாதமாகக் கூட்டி வகுத்தால்தான் 7 என்பது 5 ஆகி, தையில் 4 ஆகி, மறு பசலியின் புரட்டாசியில் 1 ஆனது தெரியும். இடையில் இரண்டு முறை, வலி போய்விட்டது என்று பயிற்சியை நிறுத்தியதும், பதினைந்தே நாளில் எண்கள் ஏறியதும் அதில் சிவப்பு மையில் இருக்கின்றன. உனக்கும் ஒரு நோட்டுப் போடு.

வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் வெறுங்காலுடன் நடக்காதே. இதில்தான் எனக்கும் அம்மாவுக்கும் பெரிய வழக்கு நடந்தது. கடைசியில், வாசலைத் தாண்டாத ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பு கூடத்தில் மட்டும் போடலாம், சமையலறைக்கும் பூஜை அறைக்கும் அனுமதி இல்லை என்று தீர்ப்பானது. தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைக் காப்பாற்றப் பெரிதும் பயன்பட்ட மெத்தென்ற ரப்பர் அது. இப்போது சர்க்கரைக்காரர்கள் எல்லோரும் போடுகிறார்கள். கோயிலுக்குப் போகாதே என்று சொல்லமாட்டேன், ஆனால் வலி அடங்கும்வரை கருங்கல் பிரகாரத்தில் மூன்று சுற்று வேண்டாம், ஒரு சுற்று போதும். இரவில் தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து, மெல்லிய துணி சுற்றி, உள்ளங்காலின் கீழ் பத்து நிமிடம் உருட்டு. உணர்வு நன்றாக இருக்கும் உனக்கு அது இதமாக இருக்கும், எனக்குத்தான் தடை.

கடையில் உட்கார விடுவதில்லை என்றாய். 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்து, பணியாளர்கள் வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. கேரளம் நமக்கு முன்பே, 2018-இல், செய்தது. உங்கள் தளத்தில் ஸ்டூல் போட்டிருப்பதாகவும், ஆனால் அதில் உட்கார்ந்தால் மேலாளர் முறைப்பதாகவும் சொன்னாய். நீ அந்தத் தளத்துக்குப் பொறுப்பாளர். சண்டை போட வேண்டாம். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் நீ முதலில் உட்கார், உன் கீழ் வேலை செய்யும் பெண்களும் உட்காருவார்கள்.

சில அறிகுறிகள் இருந்தால் மட்டும் என் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நல்ல டாக்டரிடம் போ: பாதம் மரத்துப்போவது அல்லது எரிவது, படுத்திருக்கும்போதும் வலிப்பது, குதிகால் வீங்குவது, குதிகாலை இரு பக்கமும் சேர்த்து அழுத்தினால் தாங்க முடியாமல் வலிப்பது, காய்ச்சல். இரண்டு குதிகாலும் சேர்ந்து வலித்து, காலையில் முதுகும் அரை மணிக்கு மேல் விறைப்பாக இருந்தால், அது வேறு வாத நோயாக இருக்கலாம். உன் வயதுக்காரர்களுக்கு அது வருவதுண்டு என்பதால் எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் எனக்குச் செருப்புத் தைத்தவரிடம் உனக்கும் ஒரு ஜோடி சொல்லப் போகிறேன், பொங்கலுக்கு நீ வரும்போது தயாராக இருக்கும். அளவு வேண்டும். கடையிலிருந்து வந்ததும், கால் சற்று உப்பியிருக்கும் மாலை நேரத்தில், வெள்ளைத் தாளின் மேல் நின்றுகொண்டு, குனியாமல் வேறு யாரையாவது வரையச் சொல். பென்சிலைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடிக்கச் சொல். வலது காலை மட்டும் அனுப்பாதே, இரண்டையும் வரைந்து அனுப்பு. இரண்டும் ஒரே அளவாக இருப்பதில்லை என்று அவர் சொல்கிறார். தபாலில் அனுப்பு, வாட்ஸாப்பில் படமாக வந்தால் அளவு தெரியாது.

அன்புடன்,
அப்பா