ரைட்டர் ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

திருடன் அறுத்துக்கொண்டு போன அம்மாவின் தங்கச் செயின் கைக்கு வந்துவிட்டது. திருடனைப் பிடித்த கிரைம் போலீசாருக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டோம். பேப்பரில் அவர்கள் படமும் வந்தது. படத்தில் வராதவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் ஸ்டேஷன் ரைட்டர் ஐயா. புகார் எழுதும்போது, "செயின் முழுசாவா போச்சு?" என்று கேட்டது நீங்கள்தான். இழுத்த இழுப்பில் அறுந்த ஒரு துண்டு அம்மாவின் சேலையில் சிக்கியிருந்தது. அந்த நேரத்து அழுகையில் அதை யார் பார்த்தார்கள்! நீங்கள் அதை எடை போட வைத்து, பில்லில் இருந்த 24 கிராமில் கழித்து, பறிபோனது இவ்வளவு என்று புகாரிலேயே எழுத வைத்தீர்கள். கொக்கிக்குப் பக்கத்தில் முன்பு பற்றவைத்த தடத்தையும் விடவில்லை.

அதன் அருமை ஆள் பிடிபட்ட பிறகுதான் தெரிந்தது. மீட்ட செயின்களில் பாதி ஒரே மாடல். ஆனால் கைப்பற்றிய நகைகளைப் பற்றிச் சாட்சிகள் முன்னால் எழுதிய மகஜரில் ஒவ்வொன்றுக்கும் எடையும் அடையாளமும் தனித்தனியாக இருந்தன. எங்கள் துண்டையும் சேர்த்ததும் கணக்கு நேராகிவிட்டது. 'தங்கச் செயின்கள்' என்று ஒரே வரியில் முடித்திருந்தால் இன்றைக்கும் அலைந்துகொண்டிருப்போம்.

அடுத்து, கோர்ட் டியூட்டி ஏட்டையா. ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டால் நகையைத் தந்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தோம். அது படிவம் 95 என்ற பொருள் பட்டியலுடன் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய், அங்கே சொத்துப் பதிவேட்டில் தனி நம்பர் பெறும் என்று விளக்கி, அந்த நம்பரையும் துண்டுச் சீட்டில் எழுதித் தந்தீர்கள். அதை வைத்துத்தான், வழக்கு முடியும்வரை நகையை எங்களிடம் தரக் கேட்டு வக்கீல் அம்மா மனு போட்டார். 2024 ஜூலையில் வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 497-ஆம் பிரிவு. கோர்ட் வராந்தாவில் இன்னும் பழைய சட்டத்தின் 451தான் புழங்குகிறது. பொருள் வந்த 14 நாளுக்குள் கோர்ட் விவரப் பட்டியல் தயாரிக்க வேண்டும், போட்டோவும், தேவைப்பட்டால் வீடியோவும் எடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். வக்கீல் அம்மா பீஸ் பேச்சையே எடுக்கவில்லை.

பழைய கணக்கைப் புரட்டிப் பில் நகல் தந்த நகைக்கடைக்காரருக்கும், லீவு போட்டு வந்து ஜாமீன் கையெழுத்துப் போட்ட பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் நன்றி.

செயின் இப்போதைக்கு இடைக்காலமாகத்தான் எங்களிடம் இருக்கிறது. விற்கக் கூடாது, உருக்கக் கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்பது உத்தரவு. அறுந்ததைப் பற்றவைப்பதும் வழக்கு முடிந்த பிறகுதான். அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. சம்மன் வந்தால் சாட்சி சொல்லக் கட்டாயம் வருவாராம். ஏட்டையாவிடம் சொல்லிவிடச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

நன்றியுடன்,
செயினைப் பறிகொடுத்த அம்மாவின் மகள்,
திருச்சி