சும்மா ஒரு பாலிஷ் மட்டும் போதுமா?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"தேய்ப்பெல்லாம் வேண்டாம், மேலாக ஒரு பாலிஷ் போட்டுக் கொடுங்க, சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன்." லாரியின் அலுமினிய வீலை இறக்கி வைக்கிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். வேலைக்கு நடுவில் ஒவ்வொருவருக்கும் விளக்க முடிவதில்லை, அதனால் எழுதிவிடுகிறோம்.

பாலிஷ் கீறலை மறைக்காது, காட்டிக் கொடுக்கும். வீல் மங்கிக் கிடக்கும்வரை கண்ணில் படாத கோடெல்லாம் பளபளப்பு ஏறியதும் வெயிலில் எழுந்து நிற்கும். பளபளப்புக்கு அடியில் இருக்கிற உழைப்பு முழுக்க உப்புத்தாளில்தான்.

முதலில் கழுவி, மேலே லாக்கர் பூச்சு, அதாவது நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு, இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் மிச்சமில்லாமல் உரித்தாக வேண்டும். இல்லாவிட்டால் திட்டுத்திட்டாகத்தான் மின்னும்.

கல்லில் உரசிய காயம் ஆழமாக இருந்தால் 220 நம்பர் தாளில் தொடங்குவோம், லேசானால் 320 அல்லது 400. நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும். பிறகு 600, 800, 1000, 1500 என்று தண்ணீர் விட்டுத் தேய்ப்பு. ஒரு நம்பரை ஒரு திசையில் தேய்த்தால் அடுத்ததைக் குறுக்காக. சாம்பல் நிறச் சேறு வழியும்; அதைத் துடைத்துவிட்டு விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்போம். முந்தைய தாளின் கோடு ஒன்று தெரிந்தாலும் அடுத்த நம்பருக்குப் போகமாட்டோம். தாள் மாறும்போது தண்ணீரையும் துணியையும் மாற்றுவோம், பழைய மணல் ஒன்று ஒட்டியிருந்தால் போதும், பட்ட பாடு வீண். வீலின் ஓட்டைகளுக்குள் மெஷின் நுழையாது. விரலில் தாளைச் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். உங்கள் சாயங்காலம் அங்கேதான் போகிறது.

பஃபிங், அதாவது சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகேற்றுவது, அதற்குப் பிறகு. முதலில் நுண்ணிய கோடுகளை எடுக்கும் வெட்டும் மருந்து, அப்புறம் பளபளப்பு ஏற்றும் மெருகு மருந்து, இரண்டுக்கும் தனித்தனித் துணிச் சக்கரம். அவசரத்தில் ஒரே இடத்தில் அழுத்தினால் சூடேறி அந்த இடம் புகை படிந்ததுபோல் மங்கிவிடும்.

ஹப்போடு (அச்சு முனையில் வீலை மாட்டும் பகுதி) பொருந்தும் முகத்தையும், டயர் உட்காரும் விளிம்பையும் தேய்க்கமாட்டோம். அந்த அளவுகள் மாறக்கூடாது. விரிசல் கண்ட வீலைத் தேய்த்து மறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அதை மாற்றத்தான் வேண்டும், பற்றவைப்பும் கூடாது.

இன்னொன்று, அலுமினியத் தூள் தீப்பிடிக்கும். இரும்பைத் தேய்த்தால் தீப்பொறி பறக்கும், அதனால் இந்த மேசையில் இரும்பை கிரைண்டரில் வைப்பதில்லை. "கூடவே இந்த இரும்பு ரிம்மையும்" என்றால் அது வேறு நாள்.

பூச்சு உரித்த வீல் வெறும் உலோகம். ஆசிட் கலந்த கிளீனர் பட்டால் கறை பிடிக்கும். வீல் ஆறியபிறகு மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். மறுபடி மாட்டிய பின் வண்டி 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடுவதற்குள் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.